பெயர் தொலைந்து புத்தகம் பிழைத்த மருத்துவர்

கேள்வி இதுதான்: பழைய அரபு மருத்துவம் என்றதும் இப்னு சீனா, அல்-ராஸி என்று இரண்டு பெயர்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அவ்வளவு பெரிய கலைக்களஞ்சியம் எல்லாம் எழுதாமல், ஊர் வைத்தியரும் நோயாளியும் கையில் வைத்துப் புரட்டுகிற மாதிரி நூல் எழுதிய, வெளியே அதிகம் தெரியாத மருத்துவர் யாராவது உண்டா?

உண்டு. பெயர் இப்னு அல்-ஜஸ்ஸார். இன்றைய துனீசியாவில் உள்ள கைரவான் நகரத்துக்காரர். பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். எண்பது வயதைத் தாண்டி இருந்தார் என்கிறார்கள். இறந்த ஆண்டு 979 வாக்கில் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. இன்னும் சில ஆண்டுகள் பிந்தி வைப்பவர்களும் உண்டு. இவருடைய புத்தகம் ஐரோப்பாவில் நூற்றாண்டுக்கணக்கில் மருத்துவ மாணவர்களின் பாடநூலாக இருந்தது. ஆனால் படித்தவர்களுக்கு அதை எழுதியவர் இவர் என்றே தெரியாது. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஊர். கைரவானை 670-இல் உக்பா இப்னு நாஃபி படைமுகாமாக நிறுவினார். கடலோரம் இல்லாத, வறண்ட சமவெளி. ஒன்பதாம் நூற்றாண்டில் அக்லபி ஆட்சியாளர்கள் அங்கே பெரிய பள்ளிவாசலை இன்றைய அளவுக்கு விரித்துக் கட்டினார்கள். குடிநீருக்காக வட்ட வடிவில் பிரமாண்டமான குளங்களை வெட்டினார்கள். இரண்டும் இன்றும் இருக்கின்றன. அந்த ஆட்சியின் கடைசிக் காலத்தில் எகிப்திலிருந்து ஈசாக் இஸ்ராயீலி என்ற யூத மருத்துவர் அரண்மனை வைத்தியராக வந்து சேர்ந்தார். 909-இல் ஃபாத்திமிகள் ஆட்சியைப் பிடித்தபோது அவர்களுக்கும் அவரே மருத்துவரானார். காய்ச்சலைப் பற்றியும் சிறுநீர் பார்த்து நோய் அறிவதைப் பற்றியும் அவர் எழுதிய நூல்கள் புகழ்பெற்றவை. நம்முடைய ஆள் அவரிடம்தான் படித்தார். வீட்டிலேயும் மருத்துவம்தான்: அப்பா இப்ராஹீமும் வைத்தியர், சித்தப்பாவோ பெரியப்பாவோ ஒருவரும் வைத்தியர். 'ஜஸ்ஸார்' என்றால் கசாப்புக்காரர். மூதாதை யாருக்கோ அமைந்த தொழில் பெயர் மருத்துவக் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டது.

அவர் எப்படித் தொழில் செய்தார் என்பது நமக்குத் தெரிய வருவது இப்னு ஜுல்ஜுல் என்பவர் மூலமாக. அவர் ஸ்பெயினின் கொர்தோபாவில் இருந்த மருத்துவர். 987-இல் மருத்துவர்களின் வரலாறு ஒன்றை எழுதி முடித்தார். ஏறக்குறைய சமகாலச் சாட்சி என்பதால் நம்பிப் படிக்கலாம். அவர் சொல்வது: இப்னு அல்-ஜஸ்ஸார் தன் வீட்டு வாசலில் ஒரு முகப்புக்கூடம் அமைத்து, அதில் ரஷீக் என்ற பணியாளை உட்கார வைத்திருந்தார். ரஷீக் முன்னால் மருந்துகள் எல்லாம் வரிசையாக இருக்கும்: லேகியம், சர்பத், மற்ற கலவைகள். காலையில் நோயாளிகளோ அவர்கள் வீட்டாரோ சிறுநீர்க் குப்பிகளோடு வருவார்கள். மருத்துவர் குப்பியைப் பார்ப்பார், விசாரிப்பார், இன்ன மருந்து என்று சொல்வார். வாங்குவதும் காசு கொடுப்பதும் ரஷீக்கிடம். மருத்துவர் கையால் யாரிடமும் காசு வாங்க மாட்டார்.

இதை அவருடைய தன்மானத்துக்குச் சான்றாக இப்னு ஜுல்ஜுல் சொல்கிறார். சரிதான். ஆனால் இதே நூலில் இன்னொரு தகவலும் இருக்கிறது: அவர் இறந்தபோது 24,000 தினார் விட்டுச் சென்றார். ஒரு தினாருக்கு நாலு கிராமுக்குச் சற்று அதிகமான தங்கம் என்று வைத்தால் ஏறக்குறைய 100 கிலோ தங்கம்! ரஷீக்கின் கல்லாப்பெட்டி நன்றாகவே நிறைந்திருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நோயைப் பார்க்கிற இடத்தில் காசுப் பேச்சு இல்லை, மருந்துக்கு மட்டும் விலை என்ற ஏற்பாட்டை அவர் யோசித்தே செய்திருக்கிறார். பணத்தோடு 25 கிந்தார் எடை புத்தகங்களும் இருந்தனவாம். இன்றைய கணக்கில் ஒரு டன்னை ஒட்டி வரும். புத்தகத்தை எண்ணிக்கையில் சொல்லாமல் எடையில் சொன்னதிலிருந்தே சேர்த்து வைத்தவர் எப்படிப்பட்டவர் என்று தெரிகிறது.

ஒரு சம்பவம். நுஃமான் என்பவர் ஃபாத்திமி அரசின் தலைமை நீதிபதி. கலீஃபாவுக்கு மிக நெருக்கமானவர். அவருடைய மகனுக்கு உடம்பு சரியில்லை. நீதிபதியின் அண்ணன் அல்லது தம்பி மகன் குப்பியை எடுத்துக்கொண்டு வருகிறார். கூடத்தில் கூட்டம். உட்கார இடமில்லை. மருத்துவர் உள்ளேயிருந்து வந்ததும் அந்த இளைஞர் மரியாதைக்கு எழுந்து நிற்கிறார். மருத்துவர் அவரைத் தனியாகக் கூப்பிடவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. நின்றபடியே குப்பியைக் காட்ட, மருத்துவர் பார்த்து மருந்து சொல்கிறார். அடுத்த நாளும் அப்படியே. நோயாளி தேறும் வரை ஒவ்வொரு நாளும் அப்படியே. பிறகு ஒரு நாள் நன்றிக் கடிதம் வருகிறது. கூடவே ஒரு துணி மூட்டையில் ஆடைகள், 300 மிஸ்கால் பொன். மருத்துவர் கடிதத்தைப் படித்தார், பதில் எழுதினார், பொன்னையும் ஆடையையும் திருப்பி அனுப்பிவிட்டார். பக்கத்தில் இருந்தவர், கடவுளாகப் பார்த்து அனுப்பியதை ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்டதற்கு, கலீஃபாவின் ஆட்கள் யாருக்கும் நான் கடன்பட்டவனாக இருக்க மாட்டேன் என்ற பொருளில் பதில் சொன்னார். இதை நேரில் கண்டவர் சொல்லித்தான் தெரியும் என்று இப்னு ஜுல்ஜுல் எழுதுகிறார். 300 மிஸ்கால் என்பது ஒன்றேகால் கிலோவுக்கு மேல் பொன். மறுப்பதற்கு மனசு வேண்டும்.

கல்யாணம், இழவு இரண்டுக்கும் போவார். ஆனால் அங்கே கை நனைக்க மாட்டார். கோடையில் கடற்கரை ஊரான முனஸ்தீருக்குப் போய், எல்லைக்காவலும் வழிபாடும் ஒன்றாக நடக்கிற அங்கத்துக் கோட்டையில் தங்கிவிட்டு, பிறகு கைரவான் திரும்புவார். இதெல்லாம் அவர் ஆளைப் பற்றி. இனி நூலைப் பார்ப்போம்.

'ஸாத் அல்-முஸாஃபிர் வ கூத் அல்-ஹாதிர்' என்பது அவருடைய முக்கிய நூல். பயணம் போகிறவனுக்குக் கட்டுச்சோறு, ஊரில் இருப்பவனுக்கு ஆகாரம் என்று பொருள். ஊரை விட்டுத் தள்ளி, நல்ல மருத்துவர் இல்லாத இடத்தில் மாட்டிக்கொள்கிறவனுக்கும் உதவ வேண்டும் என்பது நோக்கம். ஏழு பகுதிகள். தலையில் தொடங்கிக் கீழே இறங்கி வரும் வரிசை. முதல் பகுதியில் தலை: முடி கொட்டுவது, பொடுகு, தலைவலி, வலிப்பு, தூக்கமின்மை என்று. இரண்டாவது கண், காது, மூக்கு, வாய், பல். மூன்றாவது தொண்டையும் நெஞ்சும். நான்காவது இரைப்பையும் குடலும். ஐந்தாவது ஈரல், மண்ணீரல், சிறுநீரகம், சிறுநீர்ப்பை. ஆறாவது ஆண், பெண் பிறப்புறுப்பு நோய்கள், மகப்பேறு, மூட்டுவலிகள். ஏழாவது காய்ச்சல், விஷக்கடி, தோல் நோய், காயம், எலும்பு முறிவு என்று உடம்பில் ஒரு இடத்துக்குள் அடங்காதவை எல்லாம்.

இந்த வரிசை இவருடைய கண்டுபிடிப்பு இல்லை. உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை என்று எழுதுவது கிரேக்கர் காலத்து வழக்கம். உள்ளே இருக்கிற கோட்பாடும் பழையதுதான்: இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கின் ஏற்றத்தாழ்வுதான் நோய் என்ற, பழைய கிரேக்க மருத்துவர் கேலனின் வழி. யுனானி மருத்துவத்தில் இன்றும் பேசப்படுகிற அதே கணக்கு. அப்படியானால் புதிதாக என்னதான் செய்தார்?

அத்தியாயத்தைக் கட்டிய விதம். ஒவ்வொன்றும் சின்னது. நோய் இன்னது என்று ஒரு வரி. எதனால் வருகிறது என்று சில வரி. ஒரே நோய் இரண்டு மூன்று காரணத்தால் வரும் என்றால், இன்ன குறி தெரிந்தால் இன்ன காரணம் என்று பிரித்துச் சொல்வார். பிறகு சிகிச்சை: முதலில் உணவும் ஓய்வும், அப்புறம் எளிய மருந்து, அதற்கும் கேட்கவில்லை என்றால் கூட்டு மருந்து. கடைசியில் மருந்து முறைகள், திர்ஹம், மிஸ்கால் என்று எடையோடு. அந்த மருந்து பழைய நூலிலிருந்து எடுத்ததா, தானே செய்து பார்த்ததா என்றும் பல இடங்களில் சொல்லிவிடுவார். தத்துவ விவாதம் கிடையாது. கேலன் இப்படிச் சொன்னார், அரிஸ்டாட்டில் அப்படிச் சொன்னார் என்று பக்கம் பக்கமாக மோத விடுகிற வேலை கிடையாது. பல் வலியில் துடிக்கிறவன் இரண்டாம் பகுதியைத் திறந்தால் பல் இருக்கும், பல்லைத் திறந்தால் மருந்து இருக்கும். இதே காலத்துப் பெரிய மருத்துவ நூல்களில் ஒரு விஷயத்தைத் தேடிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

முதல் பகுதியில் ஓர் அத்தியாயம் தனியாகச் சொல்லத் தக்கது: காதல் நோய். ஆம், தலைவலி, வலிப்பு வரிசையிலேயே அதையும் வைத்திருக்கிறார், மூளையில் உண்டாகிற நோய் என்ற முறையில். கண் குழி விழுந்து போகும், பார்வை அலைபாயும், இமை கனக்கும், உடம்பு மஞ்சளாகும், தூக்கம் வராது. கவனிக்காமல் விட்டால் ஆழ்ந்த மனச்சோர்வில் கொண்டுபோய் விடும் என்கிறார். சரி, மருந்து? மது, இசை, கவிதை, நல்ல நண்பர்களோடு பேச்சு, பூந்தோட்டம், ஓடுகிற தண்ணீர், குளியல். மது மனச்சோர்வுக்கு மருந்து என்பதற்கு எபேசஸ் ரூஃபஸ் என்ற பழைய கிரேக்க மருத்துவரைத் துணைக்கு அழைக்கிறார். ஒரு முஸ்லிம் நகரத்தில் இருந்துகொண்டு ஒரு முஸ்லிம் மருத்துவர் இதை எழுதினார் என்பதைப் பார்த்து ஆச்சரியப்படத் தேவையில்லை. மருத்துவ நூல் மரபு அப்படித்தான் இருந்தது. எனக்குச் சுவையாகப் படுவது, தனியாக விடாதே, பேசு, வெளியே கூட்டிப்போ என்று மனநோய்க்கு ஆள் துணையையே முதல் மருந்தாக வைத்தது.

புத்தகம் அவர் உயிரோடு இருக்கும்போதே பரவிவிட்டது. அந்தலூசியாவிலிருந்து, அதாவது முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினிலிருந்து, உமர் இப்னு ஹஃப்ஸ் என்ற மருத்துவர் கைரவானுக்கு வந்து ஆறு மாதம் இவரிடம் படித்துவிட்டு, திரும்பும்போது இந்த நூலைக் கொண்டுபோனார். கிழக்கே குஷாஜிம் என்ற கவிஞர் இதைப் புகழ்ந்து பாடியிருக்கிறார். அவர் அலெப்போ அரசவையில் இருந்தவர். மருத்துவக் கையேட்டுக்குக் கவிஞர் பாராட்டுரை என்பது எல்லாக் காலத்திலும் அரிது.

இதற்குப் பிறகு அவர் செய்ததுதான் என்னைப் பொறுத்தவரை அவருடைய பெரிய வேலை. புத்தகம் வெற்றி பெற்றது. ஆனால் ஏழைகளுக்கு அது உதவவில்லை என்று கண்டார். மருந்து முறை சரி, அதில் போடச் சொல்லும் சரக்கு வாங்கக் காசு வேண்டுமே? கஸ்தூரியும் குங்குமப்பூவும் தூர தேசத்து வாசனைச் சரக்கும் போட்டுச் செய்கிற மருந்தை, ஒரு வேளை ரொட்டிக்கு அல்லாடுகிறவன் எங்கே போய் வாங்குவான்? ஆகவே 'ஏழைகளுக்கும் இல்லாதவர்களுக்குமான மருத்துவம்' என்று இன்னொரு நூல் எழுதினார். இதை எழுதிய காரணத்தை முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார்: என் முந்தைய நூலால் ஏழைகள் பயன்பெற முடியாததைக் கண்டேன், எளிதில் கிடைக்கிற, விலை குறைந்த பொருளைக் கொண்டு செய்கிற மருந்துகளைத் தொகுக்கிறேன் என்று. இதே நோய்கள்தான், இதே வரிசைதான். சரக்கு மட்டும் சந்தையிலும் சமையலறையிலும் கிடைப்பது. இதற்குத் துணையாக மாற்று மருந்துகளைப் பற்றியும் எழுதினார்: இன்னது கிடைக்காவிட்டால் அதற்குப் பதில் எதைப் போடலாம் என்று. ஏழைகளுக்கான மருத்துவ நூல் இவருக்கு முன்னும் எழுதப்பட்டதுண்டு. ஆனால் தன் சொந்தப் புத்தகத்தின் குறையைத் தானே பார்த்து, அதைச் சரி செய்ய இன்னொன்று எழுதியவர் அந்தக் காலத்தில் வேறு யாராவது உண்டா என்பது சந்தேகம்.

மற்ற நூல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தனி மருந்துகளைப் பற்றிய 'அல்-இஃதிமாத்': ஒவ்வொரு சரக்கின் சூடும் குளிர்ச்சியும் எத்தனையாவது படியில் இருக்கிறது என்பதை வைத்து நான்கு பாகமாகப் பிரித்தது. குழந்தை பிறந்தது முதல் வளர்ப்பு, பால் கொடுப்பது, பல் முளைப்பது, நோய்கள் எல்லாவற்றையும் சொல்கிற ஒரு நூல். இரைப்பையைப் பற்றி ஒன்று. மறதிக்கு மருந்து சொல்லும் சிறு நூல் ஒன்று. ஃபாத்திமிகளின் வரலாறு கூட எழுதினார்.

சறுக்கிய இடமும் இருக்கிறது. எகிப்தில் கொள்ளைநோய் ஏன் வருகிறது என்று அங்கத்து நீர், காற்று, உணவு எல்லாவற்றையும் குற்றம் சொல்லி ஒரு நூல் எழுதினார். எகிப்துக்குப் போனதே கிடையாது! அடுத்த நூற்றாண்டில் கெய்ரோவில் இருந்த அலி இப்னு ரித்வான் என்ற மருத்துவர் இதை விடவில்லை. பார்க்காத ஊரைப் பற்றி எழுதினால் இப்படித்தான் ஆகும் என்கிற தொனியில், அவர் தவறுகளை எடுத்துக் காட்டி ஒரு நூலே எழுதினார். வேடிக்கை என்னவென்றால், இப்னு ரித்வானின் அந்த மறுப்பு நூல்தான் அன்றைய கெய்ரோவின் குப்பை, புகை, சாக்கடை பற்றி நமக்குக் கிடைக்கிற மிக நல்ல சித்திரங்களில் ஒன்று. அந்த வகையில் இவருடைய தவறும் வீண் போகவில்லை.

இனி பெயர் தொலைந்த கதை. பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட ஆப்பிரிக்காவிலிருந்து கான்ஸ்டன்டைன் என்பவர் இத்தாலிக்குப் போனார். சலெர்னோ நகரம் வழியாக மோன்டே கசீனோ மடத்தில் சேர்ந்து துறவியானார். ஆப்பிரிக்கக் கான்ஸ்டன்டைன் என்றே அவரைச் சொல்வார்கள். கையோடு கொண்டுவந்த அரபு நூல்களை ஒன்றன்பின் ஒன்றாக லத்தீனில் பெயர்த்தார். அதில் ஒன்று நம்முடைய 'கட்டுச்சோறு'. 'வியாட்டிகம்' என்று தலைப்பு வைத்தார், அதே பொருள்தான். மூல ஆசிரியர் பெயரை மட்டும் எங்கும் சொல்லவில்லை. அதோடு நிற்கவில்லை. அடுத்தவர் உழைப்பைத் திருடித் தன் பெயரைப் போட்டுக்கொள்கிற ஆட்கள் இருப்பதால்தான் இதில் என் பெயரைப் போட வேண்டியதாயிற்று என்று முன்னுரையில் எழுதி வைத்தார். இதற்கு என்ன சொல்வது! அன்றைக்கு மொழிபெயர்ப்பையும் சொந்த நூலையும் இன்றுபோல் கறாராகப் பிரித்துப் பார்க்கவில்லை, அரபுப் பெயரைச் சொன்னால் மடத்தில் ஏற்க மாட்டார்கள் என்று பயந்திருக்கலாம் என்றெல்லாம் அவருக்காக வாதாடுகிறவர்கள் உண்டு. அந்த முன்னுரை மட்டும் இல்லாவிட்டால் நானும் அதை ஒப்புக்கொள்வேன்.

எப்படியோ, வியாட்டிகம் ஓடியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்து மருத்துவப் பாடத்திட்டத்தில் அது இருந்தது. பிரான்சின் பெரி பகுதியைச் சேர்ந்த ஜெரார்டு என்ற ஆசிரியர் அதற்கு எழுதிய உரையும் சேர்த்துப் படிக்கப்பட்டது. குறிப்பாக அந்தக் காதல் நோய் அத்தியாயத்தின் மேல் ஐரோப்பிய மருத்துவர்கள் விளக்கம் எழுதிக் குவித்தார்கள். தென் இத்தாலிப் பகுதியில் கிரேக்க மொழியிலும் இந்த நூல் வந்தது. யூத மருத்துவர்களுக்காக மோசே இப்னு திப்போன் 1259-இல் எபிரேயத்தில் பெயர்த்தார்.

1515-இல் லியோன் நகரில் வியாட்டிகத்தை அச்சிட்டவர்களுக்கு, இது கான்ஸ்டன்டைன் எழுதியது இல்லை என்று தெரிந்திருந்தது. அதை வெளிப்படையாகப் போட்டும் விட்டார்கள்: கான்ஸ்டன்டைன் தன்னுடையது என்று சொல்லிக்கொண்ட நூல் என்று. ஆனால் உண்மையான ஆசிரியர் என்று யார் பெயரைப் போட்டார்கள் தெரியுமா? ஈசாக் இஸ்ராயீலி. திருட்டு பிடிபட்ட பிறகும் பொருள் உரியவருக்கு வரவில்லை. அவருடைய வாத்தியார் வீட்டுக்குப் போய்விட்டது.

இவ்வளவு பயன்பட்ட நூலின் ஆசிரியரை ஏன் யாரும் தேடவில்லை என்பதற்குக் கான்ஸ்டன்டைனை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. இப்னு சீனாவை எடுத்துக்கொள்ளுங்கள்: அவர் சொன்னது சரியா தவறா என்று வாதம் செய்தார்கள், ஆகவே அவர் பெயர் வேண்டியிருந்தது. கையேட்டை வைத்துக்கொண்டு யாரும் வாதம் செய்வதில்லை. திறந்து, மருந்தைப் பார்த்து, எடை போட்டு, மூடி வைத்துவிடுவார்கள். ஓரத்தில் தங்கள் அனுபவத்தைக் குறித்து வைப்பார்கள். அடுத்த பிரதி எடுப்பவர் அதையும் நூலோடு சேர்த்து எழுதிவிடுவார். இப்படி நாலு கை மாறினால் அது எல்லாருடைய புத்தகமாகவும் ஆகிவிடும். தான் இல்லாமலே வேலை செய்கிற மாதிரி ஒரு நூலைக் கட்டியவருக்கு இது நடக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

1853-இல் குஸ்தாவ் துகா என்ற பிரெஞ்சு அறிஞர் அரபுக் கையெழுத்துப் பிரதியை வைத்து இந்த நூலைப் பற்றி விரிவாக எழுதினார். கிரேக்கம், லத்தீன், எபிரேயம் மூன்றும் ஒரே அரபு மூலத்தின் பிள்ளைகள் என்பது அந்த நூற்றாண்டு அறிஞர்களின் உழைப்பால் தெளிவானது. துனீசியாவில் இருபதாம் நூற்றாண்டில் அவருடைய நூல்கள் பதிப்பிக்கப்பட்டன. குழந்தை வளர்ப்பு நூல் 1968-இல் துனிஸில் வந்தது.

அதிலிருக்கிற மருந்து இன்றைக்கு வேலை செய்யுமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். செய்து பார்க்க வேண்டாம். நோய்க்குக் கிருமி காரணம் என்பதே தெரியாத காலத்து நூல்; இரத்தம் எடுப்பதும் பேதிக்குக் கொடுப்பதும் அதில் சாதாரணம். இன்று அபாயம் என்று தெரிந்த சரக்குகளும் உண்டு. வரலாறாகப் படிக்க வேண்டியது.

படிக்க ஆசைப்பட்டால் ஜெரிட் போஸ் என்ற அறிஞரின் பதிப்புகளிலிருந்து தொடங்குங்கள். 'ஸாத் அல்-முஸாஃபிர்' ஆறாம் பகுதியை அரபு மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு இரண்டோடும் 1997-இல் அவர் வெளியிட்டார். மறதி பற்றிய சிறு நூலையும் அவரே பதிப்பித்திருக்கிறார்; அது ஒரே மாலையில் படித்து முடிக்கிற அளவுதான். முதலில் மறதியைப் படித்துவிட்டு அப்புறம் ஆறாம் பகுதிக்குப் போவது சுலபம்.